கணக்குப்பிள்ளை பதில்கள்: நோட்டா, செல்போனா?

ஏரல் பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் 34 ஆண்டுகள் பேரேடு எழுதியவன் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பொருள் விற்பவர்கள் எழுதியவை. சுற்றி வளைத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான். கணக்கைக் காகிதத்தில் எழுதுவதா, கருவியில் ஏற்றுவதா? சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாகப் பருத்திப் புடவையும் நைட்டியும் விற்கிறேன். தினமும் 15 முதல் 20 பார்சல் போகிறது. நீள நோட்டில் கணக்கு எழுதுகிறேன். பகலில் நேரம் கிடைப்பதில்லை. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பார்த்து எழுதுவேன். திருப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர், "நோட்டைப் பரணில் போடு, எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்று" என்கிறார். எனக்கோ நோட்டில்தான் கை ஓடுகிறது. யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நோட்டும் என்னை உறுத்தவில்லை, எக்செல்லும் உறுத்தவில்லை. "இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு" என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். காலை பத்து மணிக்கு வந்த பணத்தை இரவு பதினொன்றரைக்கு எழுதினால், அதை ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் நூறு பேச்சுக்கு நடுவே "அனுப்பிவிட்டேன் அக்கா" என்று ஒருத்தி சொல்லியிருப்பாள். அவள் பணத்தை அனுப்பினாளா, முகவரியை அனுப்பினாளா என்பது அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. இதே பழக்கத்தோடு எக்செல்லுக்குப் போனால், இதே தவறுகள் கட்டம் கட்டமாக அழகாக நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகையால் முதலில் நேரத்தை மாற்றுங்கள். பணம் வந்தது என்று வங்கிக் கணக்கில் பார்த்ததும் ஒரு வரி எழுதிவிடுங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி எழுதாதீர்கள்; போலிப் படம் தயாரிப்பது இன்று சிறுவர்களுக்கும் கைவந்த கலை. யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு. அதில் கடைசி நான்கு இலக்கங்களை நோட்டில் குறித்தால் போதும், பின்னால் எப்போது தகராறு வந்தாலும் வங்கிப் பட்டியலில் தேடி எடுத்துவிடலாம்.

அடுத்தது வரிசை எண். நாங்கள் கடையில் இதைத்தான் உயிராக வைத்திருந்தோம். நோட்டில் அந்த வரிக்கு 412 என்று எண் கொடுத்தால், பார்சல் உறையின் மூலையிலும் மார்க்கரால் 412. அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதிலிலும் "உங்கள் எண் 412". கூரியர் ரசீதின் பின்புறமும் 412. இப்போது காகிதமும் செல்போனும் ஒன்றையொன்று கூப்பிட்டால் பதில் சொல்லும். இந்த எண் இல்லாமல் நோட்டு மட்டும் வைத்திருப்பதும் வீண், எக்செல் மட்டும் வைத்திருப்பதும் வீண்.

உங்கள் கணவரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மாம்பழ நிறப் புடவை தீபாவளியிலிருந்து எத்தனை விற்றது, எத்தனை அலமாரியிலேயே கிடக்கிறது, திரும்பி வந்த சரக்கில் பாதி ஏன் ஒரே அளவு நைட்டியாக இருக்கிறது என்று நோட்டைக் கேட்டால் அது பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லும். கணினி ஒரு நொடியில் சொல்லும். பொருளை வாங்கிப் போடும்போது இந்த விவரம் கையில் இல்லாவிட்டால் முதல் முழுவதும் துணியாக முடங்கிப்போகும். எனவே இரவில் நோட்டைப் பார்த்து ஏழே கட்டங்களை ஏற்றுங்கள்: எண், தேதி, பொருள், வந்த தொகை, கூரியர் செலவு, பணம் வந்த வழி, போகும் மாநிலம். கடைசி இரண்டும் எதற்கு என்று கீழே வேறொரு கடிதத்துக்குச் சொல்லியிருக்கிறேன். முகவரி, பேரம், "அக்கா பார்டர் கொஞ்சம் பெரிதாக" என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதுகிறவர்கள் இரண்டாவது மாதம் ஒன்றையும் எழுதுவதில்லை.

நோட்டை ஏன் விடச் சொல்லவில்லை என்று அவர் கேட்பார். பார்சல் கட்டும்போது ஒரு கையில் டேப், மறு கையில் கத்தரிக்கோல். செல்போனோ ஆர்டருக்கு ஆர்டர் மணி அடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் திரையைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, கட்டம் தேடி எழுத யாருக்குப் பொறுமை? விரித்து வைத்த நோட்டும் நூலில் கட்டித் தொங்கும் பால்பாயிண்ட் பேனாவும் போதும்.

பால்பாயிண்ட் என்று சும்மா சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏரல் பஜாருக்குள் புகுந்து, நான் வேலை பார்த்த கடையில் இரண்டாம் தட்டு வரை நின்றது. நீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். பேரேடுகள் ஊறிப் பொங்கி, அட்டை பிளந்து கிடந்தன. மைப்பேனாவில் நான் ஆசை ஆசையாக எழுதிய பக்கங்கள் வெறும் நீலத் தாள்கள். என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அது அன்றோடு கரைந்தது. அவசரத்துக்குப் பால்பாயிண்டில் கிறுக்கிய பக்கங்கள் மட்டும் படிக்கும்படி இருந்தன.

ஊரில் யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கைக் கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? முதலாளியின் மகன் மாதக் கடைசியில் பேரேட்டுப் பக்கங்களைச் செல்போனில் படம் பிடித்து, தூத்துக்குடி ஆடிட்டருக்கு அனுப்பி வந்தான். "பேரேட்டைப் படம் பிடிக்கலாமா, அது என்ன கல்யாணப் பெண்ணா?" என்று அவனைக் கடிந்துகொண்டவன் நான்தான். நவம்பர் வரையிலான பாக்கி அத்தனையும் அந்தப் படங்களில் இருந்தது.

இதைச் சொன்னதும் செல்போன் கட்சி வென்றதாக நினைக்க வேண்டாம். அந்த வாரம் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. கடையிலிருந்து அண்டாவும் குண்டானும் கடனாகப் போனபோது, கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால்தான் எழுதினோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வாரப் பக்கங்களைப் படமெடுத்து, கணவருடைய செல்போனுக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நோட்டு வேண்டாம் என்றவரே அதைப் பத்திரப்படுத்தட்டும்.

கேள்வி: கூரியர் ரசீதுகளை ஒரு டப்பாவில் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்தால் பாதி ரசீதில் எழுத்தே இல்லை. ஏமாற்றுகிறார்களா?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஏமாற்றவில்லை, சமைத்திருக்கிறார்கள். அது வெப்பத்தால் எழுத்து விழும் தாள். மையே கிடையாது. வெயிலிலும் சூட்டிலும் அது தானாக மங்கும். விருதுநகர் வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் பத்திரம் என்று நினைப்பார்கள். சிலவகைப் பிளாஸ்டிக் அதை இன்னும் சீக்கிரம் அழித்துவிடும். ரசீது கைக்கு வந்ததும் படம் எடுங்கள், தடமறியும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஸ்பீடு போஸ்ட் என்றால் அந்த எண் 13 எழுத்து நீளம். முன்னே இரண்டு ஆங்கில எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், முடிவில் நாட்டுக்கான இரண்டெழுத்து. அதை முழுவதுமாக எழுத வேண்டும். கடைசி நான்கு இலக்கம் இங்கே உதவாது.

கேள்வி: நான் ஆரம்பத்திலிருந்தே எக்செல்தான். இரண்டு குழப்பம். பரிமாற்ற எண்ணை அடித்தால் அது 4.31 என்று ஏதோவாக மாறி நிற்கிறது. இரண்டாவது, விற்பனைத் தளம் எனக்குப் போடும் பணம் என் விற்பனைக் கூட்டலோடு ஒருநாளும் ஒத்துவருவதில்லை.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, முதல் குழப்பம் என் பேத்தியிடம் நானும் பாடம் கேட்டது. எக்செல் எந்த எண்ணைப் பார்த்தாலும் கூட்டிக் கழிக்க வந்த எண் என்று நினைத்துக்கொள்கிறது. 11 இலக்கத்தைத் தாண்டினால் சுருக்கிக் காட்டும். அதையாவது கட்டத்தை மாற்றி மீட்கலாம். 15 இலக்கத்தைத் தாண்டினால்தான் ஆபத்து, அதற்கு மேலுள்ளவற்றைச் சுழியமாக்கிச் சேமித்துவிடும். அசல் எண் போனது போனதுதான். ஆர்டர் எண், கூரியர் எண், பரிமாற்ற எண் மூன்றுக்குமான கட்டங்களை, எழுதத் தொடங்கும் முன்பே 'எழுத்து' (Text) வகை என்று மாற்றிவிடுங்கள். நோட்டில் இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது குழப்பம் கருவியால் வந்ததல்ல. நீங்கள் விற்பனையை எழுதுகிறீர்கள், தளம் பிடித்தம் போக மீதியை அனுப்புகிறது. இரண்டும் வேறு. நடுவே தரகு, அனுப்பும் கட்டணம், திரும்பிய சரக்குக்கான பிடித்தம், வரிகள் எல்லாம் கழிந்திருக்கும். அதோடு, மார்ச் 28இல் விற்றதற்கு ஏப்ரலில் பணம் வரும். பழைய கணக்குப்பிள்ளைகள் இதற்குச் செய்தது எளிது. ஒவ்வொரு ஆளுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம். அந்தத் தளத்தையும் கடனுக்கு வாங்கிப்போன ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு போகும்போது முழு விலையையும் அதன் பக்கத்தில் பற்று, அதாவது அது நமக்குத் தர வேண்டியது, என்று எழுதுங்கள். பணம் வரும்போது வரவு, அதாவது அந்தப் பாக்கியில் கழிவது. பிடித்தம் ஒவ்வொன்றும், என்ன பிடித்தம் என்ற பெயரோடு, தனித்தனியே வரவு. திரும்பி வந்த புடவையும் வரவுதான், அதைச் சரக்கிலும் மறக்காமல் சேர்க்க வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவது தளம் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. அப்படி மிஞ்சும் தொகைக்கு எந்தெந்த ஆர்டர் என்று சொல்ல முடியாவிட்டால், அப்போது கேள்வி எழுப்புங்கள்.

வரிப் பிடித்தத்தைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் தளம் வழியே விற்றால், வரி நீங்கிய மதிப்பில் 0.5 சதவீதத்தைத் தளம் பிடித்து அரசிடம் கட்டும். 2024 ஜூலை 9 வரை இது 1 சதவீதமாக இருந்தது. வருமான வரிக்காக 0.1 சதவீதப் பிடித்தமும் உண்டு. அது 2024 அக்டோபர் முதல் உள்ள விகிதம். ஆயிரத்துக்கு ஆறு ரூபாய் சில்லறைதான். ஆனால் இரண்டும் செலவல்ல, நம் பெயரில் அரசிடம் இருக்கும் பணம். 'தரகு வகையறா' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் அதைத் திரும்பக் கேட்பதேயில்லை.

கேள்வி: எனக்கு ஜி.எஸ்.டி. பதிவே இல்லை, சின்ன வியாபாரம். கணக்கு என்று ஒன்று எனக்கு எதற்கு?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பதிவு தேவையில்லை என்று நாளை ஓர் அதிகாரியிடம் காட்டுவதற்கே கணக்கு வேண்டும். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதன் பின்பாதியைச் சொல்வதில்லை. வெளி மாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை அனுப்பினால், தொகை எவ்வளவு குறைவானாலும் பதிவு வேண்டும் என்பதுதான் பொது விதி. கைத்தறி, கைவினைப் பொருள்களில் சிலவற்றுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு, உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாதவரும் பெரிய தளங்களில் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான், அதற்கும் பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். ஈரோட்டு அம்மாவிடம் 'போகும் மாநிலம்' எழுதச் சொன்னது இதனால்தான். பெங்களூரில் இருக்கும் சின்ன மாமியார் கேட்டாரென்று அனுப்பிய நான்கு புடவையும் அந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும்.

'பணம் வந்த வழி' என்ற கட்டம் வருமான வரிக்கு. சிறு வியாபாரிகளுக்கான அனுமான வருமான முறையில், வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளப்படும். பிரித்து எழுதாதவர் எல்லாவற்றுக்கும் எட்டு சதவீத லாபம் காட்ட நேரும்.

கேள்வி: கணக்குகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? காகிதம் செல்லுமா, கணினி செல்லுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவருக்கு இரண்டும் செல்லும். அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் போட்ட பில்லுக்கு ஆண்டறிக்கையின் கெடு 2025 டிசம்பர் 31. ஆகவே அதை 2031 டிசம்பர் வரை தூக்கி எறிய முடியாது. அதுவரை உங்கள் செல்போன் உயிரோடு இருக்குமா, உங்கள் நோட்டைக் கரையானும் இராமபாணப் பூச்சியும் விட்டுவைக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விதிகளைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். கையால் எழுதும் கணக்கில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தொடர் எண் வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. தவறை அடித்து, ஒப்பமிட்டு, சரியானதை எழுத வேண்டும். என் முதல் முதலாளி 1980களில் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். வெள்ளை மை புட்டியைப் பார்த்தாலே குப்பையில் எறிவார். கணினிக் கணக்குக்கும் விதி விலக்கு தரவில்லை. எதைத் திருத்தினோம், எதை நீக்கினோம் என்ற பதிவும் இருக்க வேண்டும், விபத்து நேர்ந்தால் மீட்டெடுக்கும்படி நகலும் இருக்க வேண்டும். சும்மா ஒரு எக்செல் கோப்பில் இரவோடு இரவாக ஓர் எண்ணை மாற்றினால் சுவடே தெரியாது. கூகுள் ஷீட் போன்றவற்றில் பழைய வடிவங்களைத் திரும்பப் பார்க்கும் வசதி உண்டு. ஒரு மாதக் கணக்கை முடித்ததும் அச்செடுத்துக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

கேள்வி: உடன்குடிக் கருப்பட்டியை வாங்கிப் பொட்டலம் போட்டு ஆன்லைனில் விற்கிறோம். பொட்டலம் போடுவது அம்மா. அம்மாவுக்குச் செல்போன் வராது. எந்தக் கருப்பட்டி எந்தப் பொட்டலத்தில் போனது என்று தெரியாமல் விழிக்கிறேன்.
— ஒரு வாசகர், திருச்செந்தூர்

பதில்: அம்மாவுக்குச் செல்போன் வராது என்கிறீர்கள். கருப்பட்டித் தூள் ஒட்டிய கையோடு எனக்கும் வராது, உங்களுக்கும் வராது. அடுக்களைச் சுவரில் பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் மாட்டுங்கள். கருப்பட்டி வந்த நாளில் யாரிடமிருந்து, எத்தனை கிலோ என்று அம்மா பென்சிலால் எழுதட்டும். அந்தத் தேதியே தொகுதி எண் (பேட்ச் நம்பர்). மே 14 என்றால் 1405. பொட்டலத்து லேபிளிலும் அதுவே. இது வெறும் வசதிக்கல்ல. உணவுப் பொருளுக்கு உரிமப் பதிவு எண்ணும் தொகுதி எண்ணும் லேபிளில் இருந்தாக வேண்டும். ஒருவர் "சுண்ணாம்பு நெடி அடிக்கிறது" என்று குறை சொன்னால், அந்தத் தேதிச் சரக்கு வேறு யாருக்கெல்லாம் போனது என்று பார்த்து நீங்களே முந்திக்கொண்டு பேசலாம்.

எடையையும் இரண்டு முறை எழுதச் சொல்லுங்கள், வந்தபோது ஒன்று, பொட்டலம் போட்டபோது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் கருப்பட்டி ஈரம் இழுத்து இளகும். அந்த மாதங்களில் கழிவு கூடுவதைக் காலண்டர் காட்டிவிடும், விலையை அதற்கேற்ப வைக்கலாம். மாதம் முடிந்ததும் காலண்டர் தாளைப் படமெடுத்துக்கொண்டு, தாளைக் கிழிக்காமல் பின்னால் மடக்கிவிடுங்கள்.

கேள்வி: கணக்கு எழுத எந்தச் செயலி சிறந்தது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், சேலம்

பதில்: முடியாது. எதை எடுத்தாலும் முதல் நாளே பத்து வரி எழுதி, அதை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அன்றே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: புதுக் கணக்கு ஏப்ரல் 1இல் தொடங்குவதா, சித்திரை 1இல் தொடங்குவதா? எங்கள் வீட்டில் மாமனாருக்கும் எனக்கும் ஆண்டுதோறும் வழக்கு.
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டு வாரத்துக்காக மாமனாரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அரசுக்கு ஏப்ரல் 1. பில் எண்ணும் நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, திரும்ப வராமல் ஓட வேண்டும் என்பதால் அன்றே தொடங்கியாக வேண்டும். எங்கள் கடையில் புது நோட்டின் முதல் பக்கத்தை வெற்றாக விட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து ஏப்ரல் 1 கணக்கை எழுதுவோம். சித்திரை 1 காலையில் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதிக் கற்பூரம் காட்டுவார் முதலாளி. அவருக்கும் நிறைவு, ஆடிட்டருக்கும் நிறைவு.

எக்செல்லில் எழுதுவதாக இருந்தால் முதல் கட்டத்தில் 'உ' அடித்துவிடுங்கள். என் பேத்தி அப்படித்தான் செய்கிறாள். கூட்டல் தப்பாகிவிடுமோ என்று பயந்து கேட்டேன். எழுத்தைக் கணினி கூட்டலில் சேர்ப்பதில்லையாம்.